கேட்பதற்கு முன்னால் காட்ட வேண்டிய அட்டை

சென்ற மாதம், நான் வேலை பார்த்த கேஸ் ஏஜென்சியில் புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்குகளுக்கு ஒரு கூட்டம் நடத்தினார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. முப்பத்திரண்டு வருஷம் அடுப்பும் ரெகுலேட்டருமாகக் காலம் தள்ளியவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சால்வை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மைக் கிடைத்தால் நான் சும்மா விடுவேனா? சோப்புத் தண்ணீர், ரப்பர் ட்யூபின் வருஷம், சமையலறை ஜன்னல் என்று அரை மணி நேரம் வெளுத்துக் கட்டினேன்.

கடைசியில் ஒருவர் எழுந்து கேட்டார். "அண்ணே, சில வூட்ல கதவத் தொறந்ததும் கார்டு எங்கன்னு கேக்குறாங்க. வெயில்ல வேர்த்து ஊத்திக்கினு போய் நிக்கிறோம், திருடனப் பாக்குற மாதிரி பாக்குறாங்க. உங்களுக்குக் கோவம் வந்ததில்லியா?"

"எனக்கா? ஒரு நாளும் வந்ததில்லப்பா. கேக்குறது அவங்க உரிமை" என்றேன்.

கை தட்டினார்கள். கைதட்டல் முடிவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர் ஃபேனை அதிகமாக வைக்கச் சொன்னார். சாப்பாடு போட்டார்கள். வடை பாயசத்தோடு நல்ல சாப்பாடு. என்னால் இரண்டு வாய்க்கு மேல் இறக்க முடியவில்லை. அவ்வளவு பேருக்கு முன்னால், அதுவும் இந்த விஷயத்தில் போய், நான் பச்சைப் பொய் சொல்லியிருந்தேன். கோபம் வந்தது. ஒரே ஒரு தடவை வந்தது. அந்த ஒரு தடவை என்ன ஆனது என்று எழுதிவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும் போலிருக்கிறது.

என் பெயர் ஏகாம்பரம். இந்தப் பக்கத்துக்காரன்தான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, ஏஜென்சியில் முதலில் சிலிண்டர் ஏற்றி இறக்கினேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் என்று கண்டு மெக்கானிக் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பத்து நாள் அடுப்பின் திருகைக் கழற்றுவது, கிரீஸ் போடுவது, மறுபடி மாட்டுவது. கடைசி நாள் பரீட்சை. பாஸ் செய்தவர்களுக்குப் போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி, ஒரு அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டை வைத்திருப்பவன்தான் ஒரு வீட்டின் கேஸ் அடுப்பில் கை வைக்கலாம். அன்றும் அதுதான் சட்டம், இன்றும் அதுதான். அட்டையை வாங்கிய அன்று பஸ்ஸில் வீடு வந்து சேரும் வரை நாலைந்து தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

வேலை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் தேவசகாயம் சார். அப்போது ஏஜென்சியின் மேனேஜர். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. சாயங்காலம் நாங்கள் ஏழெட்டு மெக்கானிக்குகள் திரும்பி வந்ததும் ஒவ்வொருவருடைய பையிலிருந்தும் சோப்புத் தண்ணீர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். காலையில் நிறைத்துக் கொடுத்த பாட்டில். ஒரு வீட்டில் ட்யூபின் இரண்டு முனை, ரெகுலேட்டர், அடுப்பின் திருகுகள் எல்லாவற்றுக்கும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டு வீடு பார்த்தேன் என்று சொல்லிவிட்டு பாட்டில் பாதிக்கு மேல் இருந்தால் மாட்டிக்கொள்வோம். திட்ட மாட்டார். பாட்டிலை நம் கையில் திருப்பிக் கொடுத்து, "எந்த வூட்டுல மறந்தேன்னு யோசிச்சுச் சொல்லு. காலைல மொத வேலையா அங்க போ" என்பார். அவ்வளவுதான். நாலு திட்டு திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அவர் வைத்திருந்த இன்னொரு வழக்கம், வாசலில் நிற்பது பற்றியது. செருப்பைக் கழற்றுவதற்கு முன், பெயர் சொல்வதற்கு முன், பையிலிருந்து அட்டையை எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். "கேக்குறதுக்கு முன்னாடி நீ காட்டிடு ஏகாம்பரம்" என்பார். "அவங்களக் கேக்க வெக்காத. கேக்கக் கூச்சப்படுவாங்க. கூச்சப்பட்டுக்கினே உள்ள வுட்டுருவாங்க. இன்னிக்கி உன்னைய வுட்டாங்க. நாளைக்கி யார வுடுவாங்களோ, யாருக்குத் தெரியும்?"

பத்து பதினைந்து வருஷம் அவர் சொன்னபடியே செய்தேன். பிறகு எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. எந்தத் தெருவுக்குப் போனாலும் "வாங்க ஏகாம்பரம்" என்று கதவைத் திறந்தார்கள். மோர் கொடுத்தார்கள். பத்திரிகை வைத்தார்கள். என் மூஞ்சிதான் என் அட்டை என்று ஆபீஸில் சொல்லித் திரிந்தேன். ஒரு ஆயுத பூஜைக்கு, ஸ்பேனர், பை, அட்டை எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். என் மனைவி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மறுநாள் ஸ்பேனரையும் பையையும் எடுத்துக்கொண்டேன். அட்டை அங்கேயே இருந்துவிட்டது. "சாமிகிட்டயே இருக்கட்டுமே, வேலை நிலைக்கும்" என்றாள் அவள். நானும் சரி என்றேன். பல மாதம் அது அலமாரியில் கற்பூரப் புகை வாங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று எடுத்துக் காட்ட என்னிடம் அட்டை இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருஷம் முன்பு அந்தப் பெண் கேட்டாள்.

அன்று காலையே எனக்குச் சரியில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீன் அடுப்பில் கசிவு என்று அனுப்பினார்கள். கேட்டில் செக்யூரிட்டி, "ஐடி கார்டு காட்டுங்க பெரியவரே" என்றார். இல்லை என்றேன். "இல்லேன்னா உள்ள வுட எனக்கு ஆர்டர் இல்ல" என்றார். அந்தக் கம்பெனி இருக்கும் இடத்தில் எங்கள் அப்பா கடலை போட்டிருக்கிறார். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். பாவம், அவர் என்ன செய்வார். ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்து, கடைசியில் வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டார்கள். கழுத்தில் ஐடி கார்டுப் பட்டை மாட்டிய இளவட்டங்கள் என்னைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். தப்பு முழுக்க என்னுடையது. ஆனால் அந்தச் சூடு அப்படியே என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அதோடுதான் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தேன். ஒரே காம்பவுண்டில் எட்டு வீடுகள் வரிசையாக, எல்லாம் வாடகைக்கு. வீடு என்றால் ஒரு அறை, அதிலேயே தடுத்து ஒரு சமையல் மேடை. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை செய்யும் பாதுகாப்புப் பரிசோதனைக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. முத்துச்செல்வி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் லைனில் வேலை. கண்ணுக்குத் தெரியாத ஸ்க்ரூவை முடுக்கும் வேலை. கணவர் வேறொரு கம்பெனியில் மாற்று ஷிப்ட்.

கதவைப் பாதி திறந்து நின்றாள். முகத்தில் சிரிப்புதான் இருந்தது.

"கேஸ் ஆபீஸா அண்ணாச்சி? ஒங்க கார்ட கொஞ்சம் காட்டுதீயளா?"

"இன்னாது?"

"இல்ல, எங்க கம்பெனியில கார்டு இல்லாம கேட்டுக்குள்ளயே விடமாட்டாவ. அதான் கேக்கேன். தப்பா நெனச்சுக்கிடாதிய."

இதைவிட மரியாதையாக ஒரு மனிதரைக் கேட்க முடியாது. "மறந்து வீட்டில் வைத்துவிட்டேன், ஆபீஸ் நம்பர் தருகிறேன், கேட்டுக்கொள் அம்மா" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நான் பையைக் கீழே போட்டேன். குழாயடியில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"விறகு ஊதிக்கினு இருந்த ஊர்லேர்ந்து வந்துட்டு, எங்க ஊர்ல என்னையே கார்டு கேக்குறியா?"

எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் ஒரு வார்த்தையும் குறைக்காமல் எழுத வேண்டும். வீட்டுக்காரரின் மனைவி ஓடி வந்து, "ஐயே, நம்ம ஏகாம்பரம்மா அவரு! அவரப் போய் கார்டு கேட்டுக்கீறியே!" என்று சிரித்தார். குழாயடியும் சிரித்தது. முத்துச்செல்வி கதவை முழுசாகத் திறந்து, ஒதுங்கி நின்றாள். "மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள்.

உள்ளே போய் வேலையைச் சுத்தமாகச் செய்தேன். எல்லா இணைப்புக்கும் சோப்புத் தண்ணீர் வைத்தேன். ஆரஞ்சு நிற ட்யூபில் அச்சடித்திருந்த வருஷத்தைப் பார்த்து, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை என்றேன். கிளிப்பை இறுக்கினேன். ஏதாவது ஆனால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னேன். "நெருப்போ வாடையோ, எதுன்னாலும் மொதல்ல சிலிண்டர் தலைல கீற ரெகுலேட்டர மூடு. ஓடாத. மூடிட்டு அப்புறம் ஓடு. தெர்தா?" தலையாட்டினாள். சாயங்காலம் என் பாட்டில் காலியாக இருந்தது. தேவசகாயம் சார் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். நானும் நல்ல பிள்ளையாக நின்றேன்.

அந்தக் காம்பவுண்டில் அவளுக்கு அன்றிலிருந்து "கார்டு" என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பால்காரர் வந்தால், "கார்டு, பால்காரர்கிட்ட ஐடி பாத்தியா?" என்பார்களாம். கறிகாய் வண்டி வந்தாலும் அதே கிண்டல். அவளும் கூடச் சிரிப்பாளாம்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஏஜென்சிக்குப் போன் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் தீ விபத்து, ஒரு பெண்ணுக்குக் கையில் காயம் என்றார்கள். தேவசகாயம் சார் என்னைத்தான் கூட்டிக்கொண்டு கிளம்பினார். காம்பவுண்டு வாசலில் ஜீப்பை விட்டு இறங்கியதும், வழக்கம்போலத் தன் அட்டையை எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். என்னைப் பார்த்தார்.

"உன்னுது?"

"வூட்டுல கீது சார்."

"எவ்ளோ நாளா?"

நான் குனிந்து ஜீப்பிலிருந்து என் பையை எடுத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

நடந்தது இதுதான். முந்தின நாள் நீலச் சட்டை போட்ட இரண்டு பேர் பையோடு வந்திருக்கிறார்கள். கேஸ் ஆபீஸ் செக்கிங் என்றிருக்கிறார்கள். எந்த ஆபீஸும் அனுப்பாத ஆட்கள். இந்தப் பக்கம் கம்பெனிகள் பெருகிய பிறகு, பகலில் தனியாக இருக்கும் வாடகை வீடுகளாகப் பார்த்து இப்படிச் சிலர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். முத்துச்செல்வி வீட்டில் ட்யூப் பழசாகிவிட்டது என்று சொல்லி, நல்ல ட்யூபைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வேறொன்றை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுவும் ஆரஞ்சு நிறம்தான். மேலே பெயரும் இல்லை, வருஷமும் இல்லை, உள்ளே கம்பிப் பின்னலும் இல்லை. மிச்சம் கிடந்த துண்டை எடுத்து இரண்டு விரலால் மடித்தேன், காகிதம் போல மடிந்தது. அடுப்புப் பக்கத்து முனையில் கிளிப்பே இல்லை. சும்மா சொருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலை, நைட் ஷிப்ட் முடிந்து வந்து அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள். ட்யூப் கழன்று, முனையில் தீப்பிடித்து, மேடைக்குக் கீழே சிலிண்டர் பக்கமாகச் சரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் கதவருகிலிருந்து பார்த்திருக்கிறார். "ஓடி வாடின்னு கத்துறேன் சார், அவ வரல. கைய நெருப்புக்குள்ள வுட்டு சிலிண்டர் மேல கீற அந்தத் திருக மூடினா. மூடிட்டுத்தான் வெளிய வந்தா" என்றார்.

தேவசகாயம் சார் குனிந்து ரெகுலேட்டரைப் பார்த்தார். மூடிய நிலையில் இருந்தது. "யாரோ நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க. இல்லன்னா எட்டு வூடும் போயிருக்கும்" என்றார். சொல்லிக் கொடுத்தவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலது கை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கட்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் கணவர் ஷிப்ட் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். தேவசகாயம் சார் தன் அட்டையைக் காட்டி, பெயரைச் சொல்லி, ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"வந்தவங்கள உள்ள வுடறதுக்கு முன்னாடி கார்டு கேட்டீங்களாம்மா?"

"கேக்கல சார்."

"ஏம்மா கேக்கல? உங்க கம்பெனில எல்லாம் கார்டு இல்லாம வுடமாட்டாங்களே."

அவள் அவருடைய தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். மாட்டிவிட்டுவிடுவாளோ என்று நான் பயப்படுவதை அவள் பார்த்துவிட்டாள். அதற்காக என் மேல் இரக்கப்பட்டாள் என்றே நினைக்கிறேன்.

"கேட்டா கோவப்படுவாவன்னு கேக்கல சார்."

"யாரு கோவப்படுவாங்க?"

"பொதுவாச் சொல்லுதேன் சார். யாரா இருந்தாலும்."

தேவசகாயம் சார் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். அப்போது நான் ஒரு அடி முன்னால் வந்து, "நான்தான் சார்" என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. இவ்வளவு வருஷம் சேர்த்து வைத்த நல்ல பெயர் சாருக்கு முன்னால் போய்விடுமே என்ற பயம்.

ஆபீஸுக்குத் திரும்பியதும், மெக்கானிக் எழுத வேண்டிய அறிக்கைத் தாளை என் முன்னால் வைத்தார். விபத்துக்கான காரணம் என்று ஒரு இடம் இருக்கும். நான் எழுதினேன்: வாடிக்கையாளர் அடையாள அட்டையைக் கேட்டுச் சரிபார்க்காமல், அங்கீகாரம் இல்லாத நபர்களை வேலை செய்ய அனுமதித்ததால் விபத்து நேர்ந்தது. ஒரு எழுத்தும் பொய் இல்லை. படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல ஏதாச்சும் வுட்டுப் போச்சா ஏகாம்பரம்?"

"இல்ல சார்."

கையெழுத்துப் போட்டார்.

அறிக்கையின் நகல் ஒன்று வீட்டுக்காரருக்கும் போனது. அந்த வரியை வைத்துக்கொண்டுதான் அவர் அவர்களைக் காலி செய்யச் சொன்னார். ஆபீஸ் அறிக்கையிலேயே அந்தப் பெண்ணின் அஜாக்கிரதை என்று எழுதியிருக்கிறதே, இன்னொரு தடவை ஆனால் மற்ற ஏழு வீட்டுக்கு யார் பதில் சொல்வது என்றாராம். ஏழெட்டு மாதத்துக்கு முன் அவளைப் பார்த்து, இவ்வளவு எச்சரிக்கையாக ஒரு குடித்தனமா என்று வியந்திருக்க வேண்டியவர் அவர். கை ஆறியது. ஆனால் விரல்களில் தோல் இறுகி, முழுசாக மடங்கவில்லை. அந்தச் சின்ன ஸ்க்ரூவை எடுக்கும் விரல்கள். லைனில் அவளை வைத்துக்கொள்ளவில்லை. கணவரும் வேலையை விட்டுவிட்டு, இரண்டு பேரும் ஊருக்கே போய்விட்டார்கள் என்று குழாயடியில் சொன்னார்கள்.

விபத்து நடந்த அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் அட்டையை அலமாரியிலிருந்து எடுத்தேன். சந்தனம் காய்ந்து என் போட்டோவின் நெற்றியில் ஒட்டியிருந்தது. துடைத்துச் சட்டைப் பையில் வைத்தேன். அதன் பிறகு ஓய்வு பெறும் நாள் வரை, காட்டாமல் ஒரு வாசலையும் தாண்டவில்லை. என்னைத் தெரிந்தவர்கள், "இன்னா ஏகாம்பரம், எங்களுக்கேவா?" என்று கேலி செய்தார்கள். பார்த்தால்தான் உள்ளே வருவேன் என்று அடம் பிடித்தேன். அதையும் என் பெருமைக் கணக்கில்தான் ஊர் சேர்த்தது.

தேவசகாயம் சார் மட்டும் மாறினார். மற்றவர்களுடைய பாட்டிலை எப்போதும் போலத் தூக்கிப் பார்ப்பார். என்னிடம் வரும்போது கையை நீட்ட மாட்டார். அடுத்த ஆளிடம் போய்விடுவார். சீனியர் என்பதால் என்னைப் பார்ப்பதில்லை என்று மற்றவர்கள் நினைத்தார்கள், அதைச் சொல்லிப் பொறாமையும் பட்டார்கள். நான் தினமும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போனார், இரண்டு வருஷத்தில் காலமானார் என்று சேதி வந்தது. அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தெரிந்திருந்தும், நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

கூட்டம் முடிந்த மறுநாள் பழைய ரசீதுப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். பரிசோதனைக்குப் போன வீடுகளின் நகல்களைக் கட்டிப் பரண் மேல் போட்டு வைத்திருந்தேன். முத்துச்செல்வியின் தாளில் என் கையெழுத்தில் அவள் போன் நம்பர் இருந்தது. "மெக்கானிக் அட்டை காட்டப்பட்டது" என்ற இடத்தில் நானே ஒரு டிக் போட்டிருந்தேன். அது இத்தனை நாள் எனக்கு நினைவில்லை. பிறகு போன் செய்தேன். நம்பர் மாறியிருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு உள்ளூர இருந்தது. மாறவில்லை.

"யாரு பேசுதது?"

"ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து பேசுறம்மா. கேஸ் ஆபீஸ் மெக்கானிக் ஏகாம்பரம். ரிடையர் ஆயிட்டேன்."

பின்னால் ஏதோ தையல் மிஷின் ஓடி நின்றது.

"கேஸ் ஆபீஸுன்னு சொல்லி யார் யாரோ போன் பண்ணுதாவ. நம்பர் கேக்காவ, ஓ.டி.பி. கேக்காவ. நீங்க அவருதான்னு நான் எப்படி நம்புதது?"

அவள் குரலில் கூச்சமே இல்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மறுபடி கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல், வெந்த கையோடு தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள். அடுத்த நிமிஷம்தான் உறைத்தது, அவளுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்று. அட்டையை ஓய்வு பெற்ற அன்றே ஆபீஸில் ஒப்படைத்துவிட்டேன். இருந்தாலும் போனில் எப்படிக் காட்டுவது? என் ஊர், என் வயது, சார் பெயர் எல்லாம் யாருக்கும் தெரிந்திருக்கக் கூடியவை. நான்தான் அந்த ஏகாம்பரம் என்பதற்கு என்னிடம் இருந்த அத்தாட்சி ஒன்றே ஒன்று.

அடுக்களையில் என் மனைவி இருந்தாள். மருமகளும் இருந்தாள். அவர்களுக்குக் கேட்கும் என்று தெரிந்தே சொன்னேன்.

"விறகு ஊதிக்கினு இருந்த ஊர்லேர்ந்து வந்துட்டு, எங்க ஊர்ல என்னையே கார்டு கேக்குறியான்னு கேட்டேம்மா. உன் வூட்டு வாசல்ல நின்னுக்கினு."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"ஆமா" என்றாள். "நீங்கதான். சொல்லுங்க அண்ணாச்சி."